இரண்டு வாசல் வைத்த தீவு

இலங்கையில் கொவிட் தொற்று உறுதியான முதல் ஆள் ஒரு சுற்றுலாப் பயணி. சீனாவின் ஹுபே மாகாணத்தில் இருந்து வந்திருந்த ஒரு பெண். 2020 ஜனவரி 27ஆம் திகதி அது தெரிய வந்தது. அங்கொடை ஐ.டி.எச். ஆஸ்பத்திரியில் வைத்துக் குணமாக்கி, பெப்ரவரி 19ஆம் திகதி அவரை வழியனுப்பினார்கள். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த பவித்ரா வன்னியாராச்சி அவரைக் கட்டியணைத்து விடை கொடுத்த படம் நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கும். இரண்டாவது ஆள் மார்ச் இரண்டாம் வாரத்தில் கண்டுபிடிக்கப்பட்டார். இத்தாலியப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு திரிந்த சுற்றுலா வழிகாட்டி. முதல் ஆள் விருந்தாளி, இரண்டாம் ஆள் விருந்தாளிக்கு ஊர் காட்டினவர். எங்கட நாட்டுக் கொவிட் வரலாற்றின் முதல் பக்கம் சுற்றுலாவின் பக்கம்தான்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். மார்ச் நடுப்பகுதியில் கட்டுநாயக்கவுக்கு ஆட்களை ஏற்றிவரும் விமானங்கள் நிறுத்தப்பட்டன. 20ஆம் திகதி பின்னேரம் நாடு முழுக்க ஊரடங்கு. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் மாதாந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தால் அந்த வருஷம் இப்படி இருக்கும்: ஜனவரியில் 228,434 பேர், பெப்ரவரியில் 207,507 பேர், மார்ச்சில் 71,370 பேர். ஏப்ரலில் இருந்து நவம்பர் வரைக்கும் பூச்சியம்.

இந்தப் பூச்சியத்தை லேசாகக் கடந்து போக ஏலாது. 2019 ஏப்ரலில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடுத்த மாதமே, எல்லா நாடுகளும் தங்கட ஆட்களுக்குப் பயண எச்சரிக்கை விட்டிருந்த நேரத்திலும், 37,802 பேர் வந்தார்கள். யுத்த காலத்திலும் அப்படித்தான். 1982இல் 407,230 பேர் வந்த நாட்டில் 83க்குப் பிறகு தொகை விழுந்தது, ஆனால் பூச்சியத்துக்குப் போகவே இல்லை. வன்னியில் செல் விழ, ஹிக்கடுவையில் வெள்ளைக்காரர் வெயில் காய்ந்தார்கள். ஒரு தீவின் இரண்டு பக்கங்கள் அவ்வளவு தூரத்தில் இருந்தன. குண்டும் யுத்தமும் செய்யாததை ஒரு கிருமி செய்தது: தீவு முழுக்கவும் ஒரே நேரத்தில் மூடிவிட்டது.

அல்லது அப்படித் தெரிந்தது. உண்மையில் கதவு எல்லாருக்கும் ஒரே மாதிரி மூடவும் இல்லை, ஒரே மாதிரித் திறக்கவும் இல்லை. அதுக்கு ஒரு பழைய வரலாறு இருக்கு.

2020இல் எங்களை வீட்டுக்குள் வைத்திருந்த சட்டங்களில் முக்கியமானது 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். ஒக்டோபரில் முகக்கவசத்தையும் ஒரு மீற்றர் இடைவெளியையும் கட்டாயமாக்கி வர்த்தமானி வந்தபோது, மீறினால் பத்தாயிரம் ரூபா வரை தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று சொன்னதும் இந்தச் சட்டத்தின் கீழ்தான். 123 வருஷம் பழசு. (ஊரடங்கு எந்தச் சட்டத்தின் கீழ் போடப்பட்டது என்பது வேறு பிரச்சினை. சட்டத்தரணிகள் கேட்டார்கள், பதில் வரவில்லை. ஆனால் பல ஆயிரம் பேர் கைதானார்கள்.) அதே 1897இல் இந்தியாவிலும் தொற்றுநோய்கள் சட்டம் வந்தது, 2020 மார்ச்சில் அவர்களும் அதைத்தான் தூசி தட்டி எடுத்தார்கள். இரண்டு நாட்டிலும் ஒரே வருஷம் வந்தது தற்செயல் இல்லை. 1896இல் பம்பாயில் பிளேக் வந்துவிட்டது.

பிளேக்கைப் பார்த்து கொழும்பு ஏன் அவ்வளவு பயந்தது? இங்கேதான் சுற்றுலா வருது. சுயஸ் கால்வாய் 1869இல் திறந்த பிறகு ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் தூர கிழக்குக்கும் போற கப்பல்களுக்கு இலங்கை வழியில் கிடைத்த தரிப்பிடமாயிற்று. காலியில் நின்ற கப்பல்கள், கொழும்பில் அலைதாங்கி கட்டப்பட்ட பிறகு அங்கே மாறின. கோல்பேஸ் ஹோட்டல் 1864, துறைமுக வாசலில் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் 1875. கப்பல் நிலக்கரி ஏற்றிக்கொண்டு நிற்கிற நேரத்தில் முதலாம் வகுப்புப் பயணிகள் இறங்கி, ரிக்‌ஷாவில் கறுவாத்தோட்டம் பார்த்து, மாணிக்கக் கல்லு விலை பேசி, நேரம் கிடைத்தால் ரயிலில் கண்டிக்குப் போய்த் தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் பார்த்து வந்தார்கள். இலங்கைச் சுற்றுலாவின் தொடக்கம் இந்த ஒரு நாள், இரண்டு நாள் பயணிகள்தான். நோயோட வாற கப்பல் மஞ்சள் கொடி ஏற்றி வெளியில் நிற்கவேணும், துறைமுகச் சுகாதார அதிகாரி ஏறிப் பார்த்து அனுமதி தந்தால்தான் ஆள் இறங்கலாம். கொழும்பில் பிளேக் என்று ஒரு செய்தி வெளியில் போனால் கப்பல் நிற்காது. துறைமுகம் படுத்துவிடும். அதுதான் பயம்.

ஆனால் அந்தத் தீவுக்கு வந்த பெரும்பாலான மனிதர்கள் கிராண்ட் ஓரியண்டலுக்கு வந்தவர்கள் இல்லை. தமிழ்நாட்டில் இருந்து தோட்டத்துக்கு வந்தவர்கள். கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வழியில் கொலராவில் செத்தவர்களுக்கு ஒழுங்கான கணக்கே இல்லை. அந்தக் காலத்தில் நோய் அவர்களைத் தாக்கியதை விட, அவர்கள் நோயைக் கொண்டு வருகிறார்கள் என்பதுதான் அரசாங்கத்தின் கவலையாக இருந்தது. பிளேக் வந்ததும் அந்தக் கவலை முகாமாக மாறியது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையில் ஒரு முகாம், கொழும்புக்கு வெளியே ராகமையில் ஒரு முகாம், பிறகு 1917இல் இருந்து மண்டபம்.

மண்டபம் முகாமைப் பற்றி மலையகத்தில் வயசானவர்களைக் கேட்டால் இன்னும் கதை இருக்கும், தாத்தா சொன்னது, பாட்டி சொன்னது என்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் தோட்டத்துக்கான முதன்மைப் பாதை அதுவாகிவிட்டது. மண்டபத்தில் இலங்கை அரசாங்கத்தின் முகாம் இருந்தது. இந்திய மண்ணில் இலங்கையின் வாசல்! அங்கே ஆட்களை நாட்கணக்கில் அடைத்து வைத்தார்கள். உடுத்திருந்த துணி கழற்றி வாங்கிக் கிருமி நீக்கப்பட்டது. அம்மைக்கு ஊசி, கொக்கிப்புழுவுக்கு மருந்து. எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்று காட்டுகிற தகரத் துண்டு ஒன்று கையில் இருக்கும், பயணச் செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். அதே ரயிலில், அதே கப்பலில், மேல் வகுப்பில் வந்தவருக்கு இந்த அடைப்பு இல்லை. வைத்தியர் ஒரு பார்வை பார்த்தால் போதும், போற இடத்தின் விலாசம் கொடுத்தால் போதும். கிருமி ரிக்கெட்டின் நிறம் பார்த்து ஏறும் என்று அவர்கள் நம்பினார்கள் போல.

இதுக்கு நியாயம் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். முகாம் இல்லாமல் விட்டிருந்தால் தோட்டங்களில் பிளேக் பரவி இன்னும் கனபேர் செத்திருப்பார்கள் என்பார்கள். இருக்கலாம். தனிமைப்படுத்தல் வேலை செய்யும் என்பதில் எனக்கு வாதம் இல்லை. என்ர கேள்வி, ஏன் ஒரு கடலுக்கு இரண்டு விதமான கரை என்பதுதான்.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1937இல் உல்லாசப் பயணத்துக்கு என்று அரசாங்கம் ஒரு பணியகம் தொடங்கி, யுத்தம் வந்ததால் 1940இல் மூடியது. 1966இல் இலங்கை உல்லாசப் பயணச் சபை வந்தது. அந்த வருஷம் வந்தவர்கள் 18,969 பேர். கப்பல் போய் விமானம் வந்தது, ஒரு நாள் போய் இரண்டு கிழமை வந்தது, கண்டி போய்க் கடற்கரை வந்தது. தனுஷ்கோடியை 1964 புயல் கொண்டுபோனது. அதே வருஷம் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் மலையக மக்கள் திருப்பி அனுப்பப்பட்டபோது, மண்டபம் முகாமில் அவர்களையே இறக்கி வைத்தார்கள். 83க்குப் பிறகு அதே முகாமில் எங்கட அகதிகள். யுத்தம் முடிந்த 2009இல் சுற்றுலாப் பயணிகள் 447,890. 2018இல் 2,333,796. அவர்கள் கொண்டுவந்த காசு 438 கோடி டொலர். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் அனுப்புற காசுக்கும் உடுப்பு ஏற்றுமதிக்கும் அடுத்தபடியாக நாட்டுக்கு டொலர் கொண்டுவாற தொழில் இதுதான் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பாடமாக்கத் தந்தார்கள். 2020இல் அது 68 கோடி. 2021இல் 51 கோடிக்கும் குறைவு.

ஆகவே 2020 கடைசியில் அரசாங்கத்துக்கு அவசரம் வந்தது. கடன் கட்ட டொலர் வேணும். டிசம்பர் 28ஆம் திகதி உக்ரேனில் இருந்து ஒரு குழு மத்தளை விமான நிலையத்தில் வந்து இறங்கியது. ஏற்பாடு செய்தவர் ரஷ்யாவுக்கான முன்னாள் தூதுவர் உதயங்க வீரதுங்க. 'உயிர்க் குமிழி' என்று பெயர் வைத்தார்கள்: குறிப்பிட்ட ஹோட்டலில் தங்கவேணும், வெளியாட்களோட கலக்கக் கூடாது, ஆனால் குழுவாகப் போய் இடம் பார்க்கலாம். வந்தவர்களில் சிலருக்குத் தொற்று இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. இருந்தாலும் திட்டம் நிற்கவில்லை, 2021 ஜனவரி 21ஆம் திகதி விமான நிலையங்கள் பயணிகளுக்குத் திறந்தன. 2020 டிசம்பர் மாதம் முழுக்க வந்தவர்கள் 393 பேர், 2021 ஜனவரியில் 1,682 பேர்.

இதே நேரத்தில் நாடு திரும்ப முடியாமல் குவைத்திலும் சவூதியிலும் டுபாயிலும் கட்டாரிலும் காத்திருந்த இலங்கையர்கள் பல்லாயிரம். வேலை போய், விசா முடிந்து, தூதரகத்தில் பெயர் பதிந்துவிட்டு இருந்தவர்கள். அங்கேயே கொவிட்டில் செத்து அங்கேயே அடக்கமானவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம், தனிமைப்படுத்தல் நிலையங்களில் இடம் இல்லை என்பது. இடம் காசுக்கு இருந்தது. ஹோட்டல்கள் கட்டணத் தனிமைப்படுத்தல் நிலையங்களாக மாறியிருந்தன. ரிக்கெட்டும் 14 நாள் அறைக் காசும் சேர்த்துக் கட்டக்கூடியவர் கெதியாக வந்தார். கட்ட ஏலாதவர் இராணுவ முகாமில் ஒரு கட்டில் காலியாகும் வரை இருந்தார். வெறுமையாகக் கிடந்த ஹோட்டல்களுக்கு அந்த நேரம் வந்த வருமானத்தில் ஒரு பங்கு, உல்லாசம் போகாமல் வீட்டுக்குப் போகக் கேட்டவர்களின் காசு. நாட்டுக்கு டொலர் கொண்டுவாற முதல் தொழிலின் ஆட்கள் வெளியில் நிற்க, மூன்றாவது தொழிலின் ஆட்களுக்குச் சிவப்புக் கம்பளம். பொருளாதாரக் கணக்குப் பார்த்தாலும் இது எனக்கு விளங்கவில்லை.

உள்நாட்டிலும் அப்படித்தான். 2021 மே மாதத்தில் மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை வந்தது. மே 21இல் இருந்து ஒரு மாதம் நாடு தழுவிய பயணத்தடை. ஓகஸ்ட் 20 தொடக்கம் ஒக்டோபர் 1 வரை தனிமைப்படுத்தல் ஊரடங்கு. மாகாணத் தடை ஒக்டோபர் கடைசி வரை நீண்டது. வவுனியாவில் இருக்கிற ஒருவர் அனுராதபுரத்தில் இருக்கிற தாயைப் பார்க்க ஏலாது. ஆனால் விமான நிலையம், மே கடைசியில் கொஞ்ச நாள் தவிர, வருகிறவர்களுக்குத் திறந்துதான் இருந்தது. அனுமதி பெற்ற வாகனத்தில், அனுமதி பெற்ற ஹோட்டலுக்குச் சுற்றுலாப் பயணி போகலாம். வந்தவர்கள் அதிகம் இல்லை, அந்த வருஷம் முழுக்க 194,495 பேர்தான், அதிலும் பெரும்பகுதி கடைசி மாதங்களில். விடுமுறைக்குத் திட்டம் போட்டு வைத்திருந்த வெளிநாட்டுக்காரருக்கும் இது சுகமான காலம் இல்லை, உண்மைதான். பி.சி.ஆர். எடுத்து, காப்புறுதி கட்டி, திரும்பிப் போனால் அங்கேயும் 10 நாள் அடைப்பு என்று இருக்கும்போது எவர் வருவார்? குற்றம் அவர்களில் இல்லை. கதவு வைத்தவர்களில்.

குமிழிக்கு உள்ளே யார் இருந்தார்கள், வெளியே யார் இருந்தார்கள் என்று பார்த்தால் இன்னும் விளங்கும். சான்றிதழ் பெறக்கூடிய ஹோட்டல் உள்ளே. அதன் வாசலில் ஓட்டோ வைத்திருக்கிறவர் வெளியே. கடற்கரையில் இளநீர் வெட்டுகிறவர், வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிற அக்கா, அறுகம்பையில் அலைச்சறுக்குப் பழக்குகிற பெடியன், எல்லாரும் வெளியே. குமிழியின் விதியே வெளியாட்களோட கலக்கக் கூடாது என்பதுதானே. 2019 குண்டுக்குப் பிறகும் கொவிட்டிலும் சுற்றுலாத் துறைக்குக் கடன் தவணைச் சலுகை வந்தது, ஆனால் பெரும்பாலும் பதிவு செய்தவர்களுக்கு. லீசிங்கில் ஓட்டோ எடுத்தவருக்குத் தன் தொழில் சுற்றுலாத் துறை என்று நிரூபிக்க என்ன கடுதாசி இருக்கும்? அறுகம்பையில் சீசன் மே தொடக்கம் செப்டெம்பர் வரை. 2020 சீசன் போனது, 2021 சீசன் ஊரடங்கோட போனது. அதுக்கு முந்தின 2019 சீசனை குண்டு கொண்டுபோயிருந்தது. மூன்று வருஷம் வரிசையாக. இடையில் 2020 நடுவில் ஊரடங்கு தளர்ந்தபோது உள்நாட்டுச் சனம் கொஞ்சம் வெளிக்கிட்டது, ஹோட்டல்காரர் அதுவரை திரும்பிப் பார்க்காத எங்களுக்கு 'உள்நாட்டவருக்கு விசேட விலை' என்று விளம்பரம் போட்டார்கள். வெளிநாட்டவர் திரும்பி வந்ததும் அந்த விளம்பரங்கள் காணாமல் போனதை நான் சொல்லத் தேவையில்லை.

தீவுக்குள்ளே இடங்களும் இரண்டாகப் பிரிந்தன. நோயாளியையும் சந்தேகத்துக்குரியவரையும் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இந்த நாட்டில் பழைய பதில் ஒன்று இருக்கு: தூரத்தில், முடிந்தால் தண்ணிக்கு நடுவில். மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு தொழுநோயாளருக்கானது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கிற ஹம்மன்ஹீல் கோட்டை போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு சிறையாகவும் தொற்றுநோய் ஆஸ்பத்திரியாகவும் இருந்தது. இப்போது அது கடற்படை நடத்துகிற உல்லாச விடுதி. நோயாளியை ஊரில் இருந்து விலக்கி வைக்கத் தோதான தண்ணீர், விடுமுறைக்கு வந்தவருக்கு 'தனிமை' என்று விற்கிறதுக்கும் தோதாயிருக்கு. தியத்தலாவையும் அப்படித்தான், 1900இல் போயர் யுத்தக் கைதிகளுக்காகக் கட்டிய முகாம். 2020 பெப்ரவரியில் வூஹானில் இருந்து கூட்டி வந்த 33 மாணவர்களை 14 நாள் வைத்ததும் தியத்தலாவை இராணுவ முகாமில்தான். பக்கத்தில் பண்டாரவளையும் எல்லயும், மலைக் குளிருக்குப் பயணிகள் தேடிப்போற இடங்கள்.

மார்ச்சில் இத்தாலி, தென்கொரியா, ஈரான் ஆகிய நாடுகளில் இருந்து வந்தவர்களைக் கொண்டுபோன இடங்களில் ஒன்று மட்டக்களப்பு மாவட்டத்தின் புணானை. அங்கே கட்டிக்கிடந்த பல்கலைக்கழகக் கட்டடம் தனிமைப்படுத்தல் நிலையம் ஆனது. சனம் எதிர்த்தது. சுயநலம் என்று கொழும்பில் சிலர் எழுதினார்கள். ஆனால் சனம் கேட்டது எளிமையான கேள்வி: விமானம் இறங்குறது கட்டுநாயக்கவில், ஏன் ஆட்களை இவ்வளவு தூரம் ஏற்றி வாறீர்கள்? பிறகு வடக்கில் படைமுகாம் பலதும் தனிமைப்படுத்தல் நிலையம் ஆயிற்று. காணியை விடுவியுங்கள் என்று சனம் வருஷக்கணக்காகப் போராடிய கேப்பாப்புலவு உட்பட.

இந்தக் கதையில் எனக்கு மறக்க ஏலாதது இரணைதீவு. கிளிநொச்சி மாவட்டத்துக்குச் சேர்ந்த சின்னத் தீவு. 1992இல் இடம்பெயர்ந்த சனம், கடற்படை விடாததால் கால் நூற்றாண்டு வெளியில் இருந்து, 2018 ஏப்ரலில் தாங்களே படகு எடுத்துப் போய் இறங்கித் திரும்பக் குடியேறினார்கள். கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடலை எரிக்கத்தான் வேணும் என்று ஒரு வருஷம் பிடிவாதம் பிடித்த அரசாங்கம், உலகம் முழுக்கக் கண்டித்த பிறகு, 2021 பெப்ரவரியில் புதைக்க அனுமதித்தது. எங்கே புதைப்பது? மார்ச் 2ஆம் திகதி சொன்னார்கள்: இரணைதீவில். உக்ரேனியர் வந்து இறங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. உயிரோட வந்த தொற்றாளர் தங்க ஹோட்டல் இருந்தது. செத்த குடிமகனைப் புதைக்கப் பெருநிலத்தில் ஆறடி இல்லை என்றார்கள். இரணைதீவு மக்களும் அருட்தந்தையரும் அடுத்த நாளே போராட்டத்தில் இறங்கினார்கள். முஸ்லிம் தரப்பும் அந்த இடத்தை ஏற்கவில்லை. இரண்டு சமூகத்தையும் ஒரே முடிவால் அவமதித்து, அவர்களை ஆளுக்காள் மோத விடவும் பார்த்தார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். மோதல் வரவில்லை. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது.

வடக்கின் சுற்றுலாவைப் பற்றிக் கதைக்கும்போது இன்னொன்றையும் சொல்லவேணும். எங்கட பக்கத்தில் சுற்றுலாப் பயணி எண்டால் வெள்ளைக்காரர் மட்டும் இல்லை. தெற்கில் இருந்து நயினாதீவுக்கும் டம்பகொல பட்டுனவுக்கும் வாற பஸ்கள், ஆடி ஆவணியில் கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் பிரான்சில் இருந்தும் வாற எங்கட ஆக்கள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ரிக்கெட் போட்டு, அதோட ஒரு கலியாணம், ஒரு சாமத்தியம், ஒரு காணி அலுவல் எல்லாம் சேர்த்து முடித்துப் போறவர்கள். அவர்களைக் கணக்கில் 'நண்பர், உறவினரைப் பார்க்க வந்தோர்' என்று ஒரு நிரலில் போட்டுவிடுவார்கள். ஆனால் மண்டபக்காரர், வீடியோக்காரர், சோடனைக்காரர், சமையல்காரர், ஐயர், வான் ஹையர், நகைக்கடை, தையல்கடை என்று இந்த ஒன்றரை மாதத்தை நம்பி வருஷம் ஓட்டுகிற குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனை. 2020இலும் 2021இலும் நல்லூர்த் திருவிழா மட்டுப்படுத்தப்பட்ட ஆட்களோட நடந்தது. பேரப்பிள்ளையை முதல்தரம் தூக்க இருந்த அம்மம்மா ஃபோனில் பார்த்தா. செத்த வீட்டை சூம்இல் பார்த்தார்கள். சோடனைக்காரர் சுவருக்கு நிறம் அடிக்கப் போனார், வீடியோ எடுத்த அண்ணை மீன் கொண்டுபோய் விற்றார். மாகாணத் தடை இருந்த காலத்தில் குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்கு ஓடுகிற படகுகளுக்கு அந்தத் தெற்கு பஸ்களும் இல்லை. இதெல்லாம் எந்த ஹோட்டல் சங்க அறிக்கையிலும் 'சுற்றுலா இழப்பு' என்று வராது.

கடைசியாக, பலாலி. யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையில் இருந்து விமானம் வரத் தொடங்கியது. சின்ன விமானம், கொஞ்சச் சனம், ஆனால் எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் கொழும்புக்குப் போய் அங்கே இருந்து பறக்கிறதுக்குப் பதிலாக ஒரு மணித்தியாலச் சொச்சத்தில் சென்னை. ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் கோயிலுக்கும் போறவர்களுக்கு அது என்ன மாதிரி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். தமிழ்நாட்டில் இருந்தும் பயணிகள் வருவார்கள் என்று வீட்டோட அறைகளைத் திருத்தி விடுதியாக்கியவர்கள் இருந்தார்கள். நாலைந்து மாதம்தான். 2020 மார்ச்சில் நின்றது.

கட்டுநாயக்க பத்து மாதத்தில் திரும்பத் திறந்தது. பலாலிக்கு அடுத்த விமானம் சென்னையில் இருந்து வந்து இறங்கியது 2022 டிசம்பர் 12ஆம் திகதி, இரண்டே முக்கால் வருஷம் கழித்து. அந்த ஏப்ரலில் நாடு கடன் கட்ட ஏலாது என்று அறிவித்து, யூலையில் ஜனாதிபதியும் ஓடிப் போயிருந்தார். 2020 தொடக்கத்தில் விடுதிக்குப் பூசின நிறம் அதுக்குள்ள வெளிறிப் போயிருந்தது. 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இன்னும் அமுலில் இருக்கு.